ஆசனவாய் வெடிப்பு ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை?

ஒரு கல்யாண வீட்டில் என் சித்தப்பா முதல் பந்தியிலும் உட்காரவில்லை, இரண்டாம் பந்தியிலும் உட்காரவில்லை. "நீங்க உட்காருங்க, நான் அப்புறம் சாப்பிடுறேன்" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தூணோரமாக நின்றுகொண்டே இருந்தார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்று மாதமாகக் காலையில் வெளிக்குப் போனால் உயிர் போகிற வலி. போய்விட்டு வந்த பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு உட்கார முடியாது. மருந்துக்கடையில் மூலத்துக்கு என்று கேட்டு வாங்கிய ட்யூப் ஒன்று தீர்ந்து, இரண்டாவதும் பாதியாகியிருந்தது. "அதனாலதான்டா சாப்பாட்டைக் குறைச்சுட்டேன். சாப்பிட்டாதானே போகணும்?" என்றார்.

அவருக்கு வந்திருந்தது மூலமே இல்லை. ஆசனவாய் வெடிப்பு. டாக்டர்கள் இதை ஃபிஷர் என்பார்கள். ஆசனவாயின் விளிம்பை ஒட்டி, உட்பக்கத் தோலில் நீளவாக்கில் விழுகிற ஒரு கீறல். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்காது. பனிக்காலத்தில் உதடு வெடிக்கிறதே, பார்ப்பதற்கு ஏறக்குறைய அப்படித்தான். உதட்டு வெடிப்பு நாலு நாளில் ஆறிவிடுகிறது. இது மட்டும் ஏன் மாதக்கணக்கில் ஒரு பெரிய மனிதரைப் பந்தியில் உட்காரவிடாமல் செய்கிறது? அது தெரிந்தால்தான் எந்த வைத்தியம் எடுபடும், எதில் காசும் காலமும் வீணாகும் என்பது விளங்கும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் அந்த இடத்தில் என்ன வந்தாலும் மூலம்தான். ரத்தம் வந்தால் ரத்த மூலம், சதை தள்ளினால் வெளி மூலம், வெறும் எரிச்சல் என்றால் மூலச்சூடு. வாய்விட்டுச் சொல்லக் கூச்சமான இடம் என்பதால் யாரும் விவரித்துச் சொல்வதில்லை, கேட்பவரும் துருவுவதில்லை. உண்மையில் மூலம் என்பது ஆசனவாய்க்குள் எல்லோருக்கும் இயல்பாகவே இருக்கிற ரத்தக்குழாய் மெத்தைகள் வீங்கிக் கீழே சரிவது. உள் மூலம் பொதுவாக வலிக்காது. வலியே இல்லாமல் ரத்தம் சொட்டும், சில சமயம் பீய்ச்சியும் அடிக்கும். பவுத்திரம் என்பது உள்ளே ஒரு சுரப்பியில் சீழ் பிடித்து, அது வெளித்தோல் வரை ஒரு புரையாக வழி பண்ணிக்கொண்டு வருவது. துணியில் கசிவு பட்டுக்கொண்டே இருக்கும். வெடிப்புக்கு அடையாளமே வலிதான். ரத்தம் கொஞ்சமாக வரும்: மலத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு, அல்லது கழுவும்போது கையில் ஒன்றிரண்டு சொட்டு.

வெடிப்பு வந்தவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டால் அவர்கள் இரண்டு வலியைச் சொல்வது புரியும். மலம் இறங்கும்போது கண்ணாடித் துண்டு அறுத்துக்கொண்டு போவது போல ஒன்று. அது கொஞ்சம் அடங்குகிற மாதிரி இருக்கும். எழுந்து கழுவிக்கொண்டு வெளியே வந்து சில நிமிடம் ஆனதும் உள்ளுக்குள் யாரோ துணியைப் பிழிவது போல இன்னொரு வலி கிளம்பும். அது அரை மணி நேரமும் இருக்கும், அரை நாளும் இருக்கும். முதல் வலி தோல் கிழிவதால் வருவது. இரண்டாவது, தோலுக்கு அடியில் இருக்கிற தசை இறுகிப் பிடித்துக்கொள்வதால் வருவது. புண்ணை ஆறவிடாமல் வைத்திருப்பது இந்த இரண்டாவதுதான்.

ஆசனவாயைச் சுற்றி வளையமாக இரண்டு சுருக்குத் தசைகள் இருக்கின்றன. வெளி வளையம் நம் சொல் கேட்கும். பஸ்ஸில் போகும்போது அவசரம் வந்தால் அடக்கிக்கொள்கிறோமே, அது இதன் வேலை. உள் வளையம் நம் சொல் கேட்காது. குடலைப் போலத் தன் போக்கில் இயங்கும். நாம் சும்மா இருக்கும்போதும், தூங்கும்போதும் ஆசனவாய் மூடியே இருக்கிறதே, அந்த இறுக்கத்தில் 70 முதல் 85 சதவீதம் வரை இந்த உள் வளையத்தால் வருவது. நாள்பட்ட வெடிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இறுக்கம் அளவுக்கு மீறி இருக்கிறது. நினைத்தாலும் நாமாக அதைத் தளர்த்த முடியாது.

இன்னொரு விஷயமும் இங்கே உண்டு. ஆசனவாய்க்கு உள்ளே சுமார் இரண்டு சென்டிமீட்டர் மேலே பல்வரிசை போல ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. அதற்கு மேலே இருப்பது குடலின் சவ்வு. அங்கே ஊசி குத்தினாலும் பெரிதாக வலி தெரியாது. கோட்டுக்குக் கீழே இருப்பது தோல். விரல் நுனி அளவுக்கு உணர்ச்சி மிகுந்த இடம். உள் மூலம் கோட்டுக்கு மேலே உண்டாவது. வெடிப்பு கீழே. வலியில் ஏன் இத்தனை வித்தியாசம் என்பதற்கு அந்த ஒரு கோடுதான் பதில்.

சரி, தசை இறுகினால் புண் ஏன் ஆறக் கூடாது? அந்தத் தோலுக்கு ரத்தம் கொண்டுபோகிற மெல்லிய குழாய்கள் இந்தத் தசையை ஊடுருவிக்கொண்டுதான் போகின்றன. தசை இறுகினால் குழாய் நசுங்குகிறது. மடையை அடைத்துவிட்டால் கடைமடை வயல் காய்கிற மாதிரிதான். வெடிப்புகளில் பத்தில் ஒன்பது ஒரே இடத்தில், அதாவது பின்பக்கம் நடுவில், வால் எலும்பு இருக்கும் திசையில் விழுவதற்கும் இதில் காரணம் இருக்கிறது. இறந்தவர்களின் உடல்களில் இந்த ரத்தக்குழாய்களின் அமைப்பை 1989இல் ஜெர்மனியில் ஆராய்ந்து பார்த்தபோது, பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பின்பக்க நடுவில் இயல்பாகவே ரத்தக்குழாய் குறைவு என்று தெரிந்தது. 1994இல் நெதர்லாந்தில் ஸ்கௌட்டன் என்ற அறுவை மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் உயிருள்ளவர்களிடமே லேசர் கருவி வைத்து ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். இறுக்கம் ஏற ஏற ரத்த ஓட்டம் இறங்கியது. எல்லோரையும்விட மோசமாக இருந்தது வெடிப்பு உள்ளவர்களின் அந்தப் பின்பக்கத் தோல்தான். ரத்தம் போகாத இடத்தில் புண் எப்படி ஆறும்?

ஆக, சுற்று இப்படி ஓடுகிறது. கெட்டியான மலம் தோலைக் கிழிக்கிறது. கிழிந்த வலியில் தசை இறுகுகிறது. இறுகிய தசை ரத்தத்தைத் தடுக்கிறது, புண் பச்சையாகவே இருக்கிறது. மறுநாள் வலிக்குப் பயந்து மனிதர் அடக்குகிறார். அடக்கிய மலம் பெருங்குடலில் கிடந்து தண்ணீரை இழந்து இன்னும் கெட்டியாகிறது. அது வரும்போது அதே இடத்தில் மறுபடியும் கிழிக்கிறது. சித்தப்பா சாப்பாட்டைக் குறைத்தது இந்தச் சுற்றில் எண்ணெய் ஊற்றியதுதான். சாப்பாடு குறைந்தால் மலத்தின் அளவு குறையும். அளவு குறைந்த மலம் குடலில் மெதுவாக நகரும். நாலு நாளைக்கு ஒரு முறை கருங்கல் உருண்டை மாதிரி வரும். பயத்தில் செய்கிற இந்தத் தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள். யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவருக்கு அந்த மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆறு வாரத்துக்குள் இருக்கிற வெடிப்பைப் புதியது என்றும், ஆறு முதல் எட்டு வாரம் தாண்டியதை நாள்பட்டது என்றும் பிரிப்பார்கள். புதிய வெடிப்பு வெறும் கீறல். நாள்பட்டதில் ஓரங்கள் தடித்துப்போய், புண்ணின் அடியில் உள் வளையத் தசையின் வெள்ளை இழைகளே தெரியும். வெளி விளிம்பில் சிறிய சதைத் துணுக்கு ஒன்று தொங்கும். கழுவும்போது கையில் தட்டுப்படுகிற அந்தச் சதையைத்தான் பலர் மூலம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது புண்ணுக்கு வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி. டாக்டர்களும் ஆங்கிலத்தில் காவலாளி என்ற பொருளில்தான் அதை அழைக்கிறார்கள்.

காரணம் பெரும்பாலும் மலச்சிக்கல்தான். ஆனால் அதோடு நிறுத்திவிட முடியாது. பேதியும் வெடிப்பை உண்டாக்கும். அதனால் மலச்சிக்கல் தீரட்டும் என்று பேதி மருந்து குடித்து வயிற்றைக் கழுவிக்கொள்வது இந்த நோயில் உதவாது. நமக்கு வேண்டியது உருவத்தோடும் மிருதுவாகவும் இருக்கிற மலம், தண்ணீராகப் போவது அல்ல. ரத்தசோகைக்காகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை மலத்தை இறுக்கும். சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் அப்படியே. பிரசவத்தின்போது ஏற்படும் அழுத்தத்தாலும் வெடிப்பு விழும்; பெண்களுக்கு முன்பக்க நடுவில் வெடிப்பு வருவது ஆண்களைவிட அதிகம். இதையெல்லாம் விட எனக்கு மனசு ஆறாத காரணம் ஒன்று இருக்கிறது: கழிப்பறை இல்லாததாலோ, இருந்தும் உள்ளே கால் வைக்க முடியாததாலோ நாள் முழுக்க அடக்கிக்கொள்பவர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண் குழந்தைகள், கடையில் நின்று வேலை பார்க்கும் பெண்கள், நெடுந்தூரம் வண்டி ஓட்டுபவர்கள். இவர்களிடம் போய் நார்ச்சத்து சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்வது பாதி வைத்தியம்தான்.

உடம்புச் சூடுதான் காரணம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வெயிலில் உழைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மலம் இறுகும் என்ற அளவில் அதில் உண்மை இருக்கிறது. இளநீரும் மோரும் குடிப்பதில் தப்பே இல்லை. ஆனால் சூட்டைத் தணிக்கிறேன் என்று வெறும் தயிர்ச்சோறாகச் சாப்பிட்டால் நார் எங்கிருந்து வரும்? வெள்ளைச் சோற்றில் நூறு கிராமுக்கு அரை கிராம் நார்கூடத் தேறாது. காரத்தைப் பற்றிய பேச்சு மட்டும் வெறும் நம்பிக்கை இல்லை. 2008இல் நாக்பூரில் புதிய வெடிப்பு உள்ளவர்களுக்கு ஒரு வாரம் மிளகாய்ப்பொடி அடைத்த குளிகையும், இன்னொரு வாரம் ஒன்றுமில்லாத குளிகையும் கொடுத்துப் பார்த்தார்கள். மிளகாய் வாரத்தில் வலியும் எரிச்சலும் கூடியது. புண் ஆறும் வரை காரத்தைக் குறைத்துக்கொள்வது நல்லதுதான்.

இனி வைத்தியம். புதிய வெடிப்புக்கு முதல் வைத்தியம் மருந்துக்கடையில் இல்லை. டென்மார்க்கில் யென்சென் என்பவர் 1986இல் ஒரு சோதனை நடத்தினார். முதல் தடவையாக வெடிப்பு வந்த 103 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு இடத்தை மரக்கவைக்கும் லிக்னோகெய்ன் களிம்பு. இரண்டாவது கூட்டத்துக்கு ஸ்டீராய்டு களிம்பு. மூன்றாவது கூட்டத்துக்குக் கோதுமைத் தவிடும் வெந்நீரில் உட்காருவதும். மூன்று வாரத்தில் ஆறியவர்கள்: மரப்புக் களிம்பில் 60 சதவீதம், ஸ்டீராய்டில் 82, தவிடும் வெந்நீரும் 87. சும்மா மரக்கவைத்தால் வலி தெரியாது, அவ்வளவுதான். மலம் கெட்டியாகவே இருந்தால் மறுநாளும் கிழியும்.

வெந்நீரில் உட்காருவது எப்படி என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தப்பாகச் செய்பவர்கள்தான் அதிகம். அகலமான பிளாஸ்டிக் டப்போ பேசினோ போதும். கழிப்பறைப் பீங்கான்மேல் பொருத்தும் தொட்டியும் மருந்துக்கடையில் கிடைக்கிறது. முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் சூடு, கொதிக்கக் கொதிக்க இல்லை. இடுப்புக்குக் கீழ்ப் பகுதி நன்றாக நனைகிற ஆழம். பத்து முதல் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. அதில் ஒன்று கட்டாயம் மலம் கழித்த உடனே. அந்த இரண்டாவது வலி கிளம்புகிற நேரம் அதுதான், வெதுவெதுப்பில் தசை தளரும்போது வலி இறங்குவதை அப்போதே உணரலாம். தண்ணீரில் டெட்டாலோ வேறு கிருமிநாசினியோ ஊற்ற வேண்டாம். பச்சைப் புண்ணில் அது எரியும், ஓரத் தோலைக் காய வைக்கும். உப்புப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. முடிந்ததும் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கழிப்பறைக் குழாயின் வேகமான பீச்சலையும் சோப்பையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

நார்ச்சத்து ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். தட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினாலே பாதி வந்துவிடும். கீரை, அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, சுண்டல், கேழ்வரகு, கொய்யா எல்லாம் நமக்குப் பழக்கமானவைதான். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் பத்து கிராம் வரை நார் கிடைக்கும். ஆனால் ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும்; வாரக் கணக்கில் மெல்லக் கூட்டுங்கள். இதோடு இசப்கோல் தினம் ஒன்றிரண்டு கரண்டி ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கலாம்; தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரத்துக்கு லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கி மருந்தும் டாக்டர் எழுதித் தருவார். இளக்கும் மருந்து பழக்கமாகிவிடும் என்று பயந்து நிறுத்திவிட வேண்டாம். லாக்டுலோஸ் குடலைத் தூண்டுகிற மருந்து இல்லை. மலத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கிற மருந்து.

கழிப்பறையில் மொபைலோடு உட்கார்ந்திருப்பதை விட்டுவிடுங்கள். உந்துதல் வந்தால் போவது, ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவது. மேற்கத்திய பீங்கானாக இருந்தால் காலுக்குக் கீழே ஒரு சிறிய முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொண்டால் முக்காமல் போக வரும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் புதிய வெடிப்பில் பாதிக்கு மேல் தானே ஆறிவிடும். ஆறாத வெடிப்புக்குத்தான் அடுத்த படி, அதாவது தசையைத் தளர்த்துவது. இதில் ஒரு பழைய மருந்தின் கதை வருகிறது. நைட்ரோகிளிசரின் என்பது ஆல்ஃபிரட் நோபல் 1867இல் டைனமைட் செய்யப் பயன்படுத்திய அதே வெடிபொருள். அதையே நெஞ்சுவலிக்கு மருந்தாகவும் கொடுத்தார்கள். கடைசிக் காலத்தில் நோபலுக்கே டாக்டர்கள் அதை எழுதித் தந்தார்கள். உடம்புக்குள் அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக மாறி, ரத்தக்குழாய்த் தசையைத் தளர்த்துகிறது. அந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்காக 1998இல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆசனவாயின் உள் வளையமும் அதே வகைத் தசை. 1994இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் இந்த மருந்தைக் களிம்பாகத் தடவினால் உள் வளையத்தின் அழுத்தம் இறங்குகிறது என்று காட்டினார்கள். 1997இல் நாட்டிங்ஹாமில் நடந்த சோதனையில் எட்டு வாரத்தில் 68 சதவீதம் பேருக்கு ஆறியது. மருந்து கலக்காத வெறும் களிம்பு தடவியவர்களில் 8 சதவீதம்தான். பின்னால் நடந்த பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் அவ்வளவு தூக்கலாக வரவில்லை. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் களிம்பின் பெரிய தொல்லை தலைவலி. ரத்தக்குழாய் விரிவதால் வருவது. சிலர் அதனாலேயே மருந்தை விட்டுவிடுவார்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனஃபில் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கும். அதனால் டில்டியாசெம் 2 சதவீதக் களிம்பை, அல்லது நிஃபெடிபின் களிம்பைப் பல டாக்டர்கள் முதலிலேயே எழுதுகிறார்கள். இவை தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து அதைத் தளர்த்துபவை; தலைவலி குறைவு. பட்டாணி அளவு எடுத்து விளிம்பிலும் சற்றே உள்ளேயும் காலை, இரவு தடவ வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் விடாமல். வலி பத்து நாளில் குறைந்துவிடும், அங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள். வலி போனது தசை தளர்ந்ததால். புண் இன்னும் மூடியிருக்காது.

கடையில் மூலத்துக்கு என்று கேட்டால் கிடைக்கும் ட்யூப்களில் பெரும்பாலும் மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும்தான் இருக்கும். ஓரிரு வாரத்துக்கு அது கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் தடவினால் ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், ஏற்கெனவே கிழிந்த இடத்தில் அது நல்லதல்ல. என் சித்தப்பா மூன்று மாதம் தடவியது அதைத்தான்.

களிம்புக்கு ஆறாவிட்டால் போட்டாக்ஸ் ஊசி. முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அதே மருந்து. உள் வளையத்தில் போட்டால் சுமார் மூன்று மாதத்துக்குத் தசை தளர்ந்திருக்கும், அதற்குள் புண் ஆறிக்கொள்ள வேண்டும். நிரந்தர வெட்டு இல்லை என்பது இதன் நன்மை. விலையும், சிலருக்குத் திரும்ப வந்துவிடுவதும் இதன் குறை.

கடைசியாக அறுவை. தசை இறுக்கத்தைத் தளர்த்தினால் வெடிப்பு ஆறும் என்பது டாக்டர்களுக்குப் பழைய காலத்திலேயே தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் ரெக்கமியே என்பவர் விரல்களை விட்டு ஆசனவாயை இழுத்து விரிப்பார். மயக்கம் கொடுத்துச் செய்யும் அந்த விரிப்பு முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நடந்தது. எங்கே, எவ்வளவு தசை கிழிகிறது என்று யாருக்கும் தெரியாது. காற்றையும் மலத்தையும் அடக்க முடியாமல் போனவர்கள் இருந்தார்கள், அதனால் அந்த முறையைக் கைவிட்டார்கள். 1951இல் தென்னாப்பிரிக்காவில் ஐசன்ஹாமர் என்பவர் உள் வளையத்தை மட்டும் வெட்டுவதை முன்வைத்தார். முதலில் வெடிப்பு இருக்கும் பின்பக்கத்திலேயே வெட்டினார்கள். அங்கே பள்ளம் விழுந்து கசிவு வந்ததால் பக்கவாட்டில் வெட்டும் முறைக்கு மாறினார்கள். இன்று செய்வது அதுதான். வெடிப்பைத் தொடுவதே இல்லை. பக்கத்தில், உள் வளையத்தின் கீழ் நுனியில், வெடிப்பின் நீளத்துக்குச் சமமாகக் கொஞ்சம் வெட்டித் தளர்த்துவார்கள். அரை மணி நேர வேலை, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆறிவிடும். பல வருட வலி இரண்டாம் நாளே போய்விட்டது என்பவர்கள் உண்டு.

ஆனால் வெட்டிய தசை வெட்டியதுதான். சிலருக்குக் காற்றை அடக்குவது கடினமாகும், உள்ளாடையில் லேசாகக் கறை படும். பெரும்பாலோருக்கு அது சில வாரத்தில் சரியாகும், சிலருக்கு ஆகாது. பிரசவத்தில் கிழிந்து தையல் போட்ட பெண்களுக்கும், ஏற்கெனவே அடக்குவதில் சிரமம் இருப்பவர்களுக்கும் இந்த அறுவையை யோசித்துத்தான் செய்ய வேண்டும். அவர்களுக்குப் பக்கத்துத் தோலை நகர்த்தி வைத்து மூடும் முறை இருக்கிறது. அறுவைக்கு முன் இந்தக் கேள்வியை டாக்டரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். லேசர் என்றால் வெட்டே இல்லை என்று நினைக்க வேண்டாம். லேசர் ஒரு கருவி. தசையைத் தளர்த்த அதை வைத்து வெட்டினாலும் வெட்டுப்படுவது அதே தசைதான்.

பஸ் ஸ்டாண்டுச் சுவர்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் குணம் என்று எழுதியிருப்பார்கள். வெட்கப்பட்டு டாக்டரிடம் போகாதவர்கள் அங்கேதான் போகிறார்கள். அரிக்கும் மருந்தை அந்த இடத்தில் தடவியோ ஊசியாகப் போட்டோ சதையைக் கருக்குவது அங்கே நடக்கிற வைத்தியங்களில் ஒன்று. வெடிப்பு உள்ளவருக்கு அதைச் செய்தால் புண் பெரிதாகும். ஆறும்போது தழும்பு இறுகி ஆசனவாயே குறுகிப்போகவும் கூடும். பிறகு சரிசெய்வது மிகக் கஷ்டம்.

குழந்தைகள் பக்கம் வருவோம். கைக்குழந்தை முதல் பள்ளிப் பிள்ளை வரை மலத்தில் சிவப்பு ரத்தம் தெரிந்தால் அதற்கு மிகச் சாதாரணமான காரணம் வெடிப்புதான். ஒரு தடவை வலித்துவிட்டால் பிள்ளை அடக்க ஆரம்பிக்கும். நுனிக்காலில் நின்று, காலைப் பின்னிக்கொண்டு, சோபா மூலையைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க நிற்கும். பெற்றோர் அதைப் பார்த்துப் பிள்ளை முக்குகிறது, வர மாட்டேன் என்கிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அது வரவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. திட்டினால் இன்னும் பிடித்துக்கொள்ளும். பாலைக் கொஞ்சம் குறைத்து, பழமும் காயும் கூட்டி, டாக்டர் சொல்லும் இளக்கும் மருந்தைச் சில மாதம் விடாமல் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அறுவை இல்லாமலே சரியாகிவிடும். மருந்தை ஒரு வாரத்தில் நிறுத்தினால் பயம் திரும்பி வரும்.

பெரியவர்களுக்கும் இதே பாடம்தான். யென்சென் 1987இல், ஆறியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார். தினம் 15 கிராம் தவிடு சாப்பிட்டவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான் வெடிப்பு திரும்பியது. தவிடு சாப்பிடாதவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குத் திரும்பியது. 7.5 கிராம் சாப்பிட்டவர்களுக்குச் சாப்பிடாதவர்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. அரைகுறையாகச் செய்தால் பலன் இல்லை என்பதைத்தான் சித்தப்பாவிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்குக் களிம்பிலேயே ஆறியது, இரண்டு மாதம் ஆனது.

டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்கள் பயப்படுவது உள்ளே விரல் விட்டுப் பார்ப்பார்களே என்றுதான். வலி இருக்கும்போது அது தேவையே இல்லை. பக்கவாட்டில் படுக்க வைத்து இரண்டு பக்கமும் மெதுவாக விலக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் வெடிப்பின் கீழ் நுனி தெரிந்துவிடும். வலிக்கிறது, இன்று உள்ளே பார்க்க வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்பதிலும் தப்பில்லை.

சில அடையாளங்கள் இருந்தால் மட்டும் வெடிப்புதானே என்று விட்டுவிடக் கூடாது. வெடிப்பு முன்னாலோ பின்னாலோ நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால், ஒன்றுக்கு மேல் இருந்தால், வலியே இல்லாமல் ஆழமாக இருந்தால், குரோன் எனும் குடல் அழற்சி, காசநோய், மேகநோய், எச்ஐவி, புற்றுநோய் என்று வேறு காரணம் தேட வேண்டும். நம் நாட்டில் காசநோயை மறந்துவிடவே கூடாது. காய்ச்சலோடு இடைவிடாத விண்விண் வலி இருந்தால் அது சீழ்க்கட்டி, அன்றைக்கே காட்ட வேண்டும். ரத்தம் கருத்தோ மலத்தோடு கலந்தோ வந்தால், எடை குறைந்தால், மலம் போகும் பழக்கம் மாறினால், வீட்டில் யாருக்காவது குடல் புற்று இருந்திருந்தால், அல்லது வயது 45 தாண்டி முதல் முறையாக ரத்தம் வந்தால், பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. புண் வலியோடு அதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. வலி அடங்கிய பிறகோ, மயக்கம் கொடுத்தோ செய்வார்கள்; எப்போது என்பதை டாக்டரிடமே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.